வழுக்கலில் இரண்டு பேர் ஓட்டிய ஜீப்

கிளட்ச் பிளேட் கருகும் வாசனை வந்தால் செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிடுகிறேன். போன வாரமும் அப்படித்தான். செங்கம் ரோட்டில், என் வீட்டுக்கு எதிரே, சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருந்த மண்ணில் ஒரு சுற்றுலா வேனின் பின்சக்கரம் புதைந்துவிட்டது. ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து இஞ்சினை அலறவிட்டார். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை வந்தது. பழந்துணியும் வெல்லமும் சேர்ந்து தீய்ந்தாற்போல, தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும் வாசனை. கல்லில் தோசை இருந்தது. அடுப்பை அணைக்காமல் வாசலுக்கு வந்து நின்றேன். "கால எடுங்க, கால எடுங்க" என்று வாய் முணுமுணுத்தது. அது என் பேச்சில்லை. என் வாயில் தங்கிப்போன இன்னொருத்தியின் பேச்சு. உள்ளே தோசை கருகியது. ஒருவனுக்குச் சுடுகிற தோசை, கருகினால் கேட்க ஆளில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னிடம் ஒரு டீசல் ஜீப் இருந்தது. ஏதோ ஓர் அரசு அலுவலகம் கழித்துக்கட்டி ஏலத்தில் விட்ட வண்டி. பச்சைக்கு மேல் வெள்ளை அடித்திருந்தார்கள், வெள்ளை உரிந்த இடங்களில் பச்சை எட்டிப் பார்க்கும். கதவு கிடையாது, மேலே தார்ப்பாய். கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னும் இரண்டு கம்பிகள். ஒன்றை இழுத்தால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். இன்னொன்று லோ கியர். அதில் போட்டால் நடக்கிற மனுஷனைவிட மெதுவாகப் போகும், ஆனால் எதையும் இழுத்துக்கொண்டு போகும். அண்ணாமலையை ஒட்டிய ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்களைச் செஞ்சிக்கும் சாத்தனூருக்கும் கூட்டிப்போவேன். புளி ஏற்றுவேன். சர்வே ஆட்களைக் காட்டோரம் கொண்டுபோய் விடுவேன். எங்கே கூப்பிட்டாலும் போவேன். போவதுதான் எனக்குப் பிடித்திருந்தது, போய்ச் சேருவது அல்ல.

ஜீப் வாங்கிய வருஷமே கல்யாணமும் ஆனது. அவள் நர்ஸ். ஜவ்வாது மலைமேல் ஒரு சின்ன ஊரில் துணை சுகாதார நிலையம், அதை ஒட்டி ஓடு வேய்ந்த இரண்டு அறை, அதில் அவள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை மலைக்கு அனுப்புவார்கள், சில வருஷம் தள்ளிவிட்டுக் கீழே மாற்றல் வாங்கிக்கொள்வார்கள், இவளும் வாங்கிக்கொள்வாள் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்தார்கள். அவளைக் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. நான் கீழே, அவள் மேலே. சனிக்கிழமை மத்தியானம் ஏறுவேன், திங்கட்கிழமை விடியலில் இறங்குவேன்.

செங்கம் தாண்டி அடிவாரம் வரை தார் ரோடு. பிறகு மண். பிறகு கல். எல்லாவற்றுக்கும் மேலே, ஊருக்குச் சற்று முன்னால், வழுக்கல் என்று மலைக்காரர்கள் சொல்லும் இடம். ஓடை ஒன்று குறுக்கே வந்து பாதையை விழுங்கிக்கொள்ளும். அங்கே பாறைதான் பாதை. கரும்பாறை படிப்படியாக எழும்பும், ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது கணுக்கால் உயரம், நடுவே கை நுழையும் பிளவுகள். மழை மாதங்களில் விரலளவு தண்ணீர் அதன்மேல் கண்ணாடிபோல் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணாடிக்கு அடியில் பாசி. இப்போது வெடிவைத்துத் தகர்த்துத் தார் போட்டுவிட்டார்கள், பஸ்ஸே போகிறது என்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

வழுக்கல் வந்தால் வண்டியில் இருப்பவர்கள் இறங்கிவிட வேண்டும், யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் குழந்தைகளோடு ஒற்றையடிப் பாதையில் ஏறிப் போய், பாறை முடியும் இடத்தில் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துகொள்வார்கள். ஆண்கள் ஆளுக்கொரு கல்லைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்தோடு ஒட்டி நடந்து வருவார்கள். வண்டி தடுமாறினால் அந்த நொடியே கல் சக்கரத்தின் பின்னால் விழும். ஒருவர் மட்டும் முன்னால் பின்நடையாக நடந்து கையைக் காட்டுவார். கல் தூக்காமல் கைவீசி வருகிற ஆணை மேலே இருக்கும் பெண்கள் சும்மா விடமாட்டார்கள். "மாப்ளைக்குக் கைல மருதாணி போலக்கீது, காயலையா?" என்பார்கள். அவன் ஓடிப்போய்க் கல்லைத் தேடுவான்.

எனக்குத் தெரிந்த ஓட்டம் ஒன்றுதான். கீழேயே இஞ்சினை அலறவிட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு, பாறை சுதாரிப்பதற்குள் ஏறிவிடுவது. நின்றால் வழுக்கும், வேகம்தான் பிடிமானம் என்று நினைத்திருந்தேன். முதல் படியில் முன்சக்கரம் மோதி எழும். நானும் சீட்டிலிருந்து எழுவேன். எழும்போது கால் ஆக்சிலேட்டரை விட்டுவிடும், விழும்போது முழு உடம்போடு மிதிக்கும், அந்த மிதியில் வண்டி இன்னும் எகிறும், நான் இன்னும் எழுவேன். ஓட்டுவது நானா வண்டியா என்று தெரியாத அந்தக் கணங்கள் எனக்கு வேண்டியிருந்தன. வாரம் முழுக்கப் பேச ஆளில்லாமல் இருந்தவனுக்கு அது ஒரு கூச்சல். கல் தெறிக்கும், டயர் ரப்பர் புகையும், கடைசிப் படியைத் தாண்டி வண்டி தொப்பென்று விழுந்து நிற்கும்.

"டிரைவரே, வண்டிய ஓட்டுறியா, எருமைய வெரட்டுறியா?" என்று கேட்பாள் ஒரு கிழவி.

"உடு ஆயா, பொண்டாட்டியப் பாக்கற அவசரம்" என்பார் கல்லோடு வந்த ஒருவர்.

"அவசரத்துக்கு அந்தக் கல்லு இன்னா பண்ணுச்சி பாவம்?"

கூட்டமே சிரிக்கும். என் மனைவியும் சில சனிக்கிழமை அங்கே வந்து உட்கார்ந்திருப்பாள். அவள் மட்டும் சிரிக்காமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மழை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிறைமாதப் பெண் ஒருத்திக்கு வலி கண்டது. என் மனைவி அவள் வயிற்றில் கைவைத்துப் பார்த்து, குழந்தை குறுக்கே கிடக்கிறது, கீழே கொண்டுபோக வேண்டும் என்றாள். ஜீப்பின் பின்னால் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து அந்தப் பெண்ணைக் கிடத்தினோம். வழுக்கலில் யாரும் இறங்க முடியாத முதல் பயணம் அது. இறக்கத்தில் நான் பிரேக்கை அழுத்துவேன், வண்டி சறுக்கும், விடுவேன், பாயும், பயந்துபோய் மறுபடி அழுத்துவேன். பின்னால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஓர் அலறல்.

"நிறுத்துங்க" என்றாள் என் மனைவி. நிறுத்தினேன். "லோ கியர்லதான இருக்கு?"

"ஆமா."

"அப்ப கால எடுங்க. ரெண்டு காலயும். எதையும் தொடாதீங்க, ஸ்டியரிங்க மட்டும் புடிச்சிக்கிங்க."

"ஓடிடும்மா!"

"ஓடாது. கால எடுங்கன்றேன்ல."

எடுத்தேன். கால்களை மடக்கிச் சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டேன். இஞ்சின் முனகியது. வண்டி ஒரு படியைத் தானாகவே தடவிப் பார்த்து இறங்கியது, அடுத்ததை யோசித்தது, இறங்கியது. மாடு தண்ணீருக்குள் இறங்குகிறாற்போல. பின்னாலிருந்து முனகல் மட்டும் வந்தது, அலறல் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அறுத்துத்தான் எடுத்தார்கள், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். திரும்பி வரும்போது கேட்டேன், உனக்கு எப்படித் தெரியும் என்று.

"தெரியாதுங்க. இத்தினி நாளா பாக்கறன்ல. நீங்க மிதிக்காத நேரத்துலதான் அது ஒழுங்காப் போவுது."

அடுத்த வாரமே, எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்றாள்.

ஊருக்கு மேலே இன்னும் தண்ணீர் பிடிக்காத ஏரி ஒன்றில் கியர் போடப் பழகினாள். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சீக்கிரமே வாங்கிக்கொண்டாள், எனக்குத் தெரியாததை வழுக்கலில் அவளே கண்டுபிடித்தாள். முதல் நாள் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். வலது குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தின் பக்கவாட்டை வலப்பக்கத் தகட்டில் சாய்த்துக்கொண்டாள். அப்படிச் சாய்த்தால் உடம்பு எத்தனை குலுங்கினாலும் விரல் குலுங்காது. இடது கால் பிரேக்கில் பூப்போல. வலது கால் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தள்ளும்போதே இடது கால் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில், நிற்கிறதா நகர்கிறதா என்று சொல்ல முடியாத ஒரு வேகத்தில் வண்டி போகும். கல் வந்தால் நான் அதை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத் தாண்டப் பார்ப்பேன், அடிவயிறு இடிக்கும். அவள் சக்கரத்தையே கல்லின் தலையில் ஏற்றினாள். ஏறும்வரை ஒரே அளவு அழுத்தம். உச்சிக்கு வந்ததும் அழுத்தத்தை உறிஞ்சிக்கொள்வாள். சக்கரம் அந்தப் பக்கம் சத்தமில்லாமல் இறங்கும்.

"இப்படி ஓட்ட எங்க கத்துக்கின?"

"ஊசி போடற மாதிரிதாங்க. மருந்த வேகமா தள்ளுனா வலிக்கும். ஒரே மாதிரி தள்ளிக்கினே இருந்தா ஆளுக்கே தெரியாது."

ஆண்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தார்கள். ஒரு கல்லும் விழவில்லை. மேலே உட்கார்ந்திருந்த கிழவி, "நர்சம்மா ஓட்டுனா கோழிமுட்டய மடில வெச்சிக்கினு போலாம். நம்ம டிரைவரு ஓட்டுனா கோழிகூட மிஞ்சாது" என்றாள். நானும் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, வீட்டுக்குள் புதிதாக யாரோ வந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அவள் முகத்தில் ஒரு நிறைவு. அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை.

கீழே என் நாட்கள் வேறு மாதிரி. ஆசிரமப் பக்கம் ஒற்றை அறை. பக்கத்து அறைகளில் யார் யாரோ, எந்தெந்தத் தேசத்துக்காரர்களோ, சுவரைப் பார்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். தனிமையைத் தேடி விமானம் ஏறி வந்தவர்கள். எனக்கு அது வீட்டு வாசலிலேயே கிடந்தது. சவாரி இல்லாத மாலைகளில் ஜீப்பை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலை வரை சும்மா போய் டீ குடித்துவிட்டு வருவேன். டீக்கடைக்காரர், "இன்னாபா, ஊட்ல இன்னும் எறங்கலையா?" என்பார். "எறங்கிடுவாங்க" என்பேன். வருஷக்கணக்கில் அவர் கேட்டார், வருஷக்கணக்கில் நான் சொன்னேன்.

ஒருமுறை ஐப்பசி அடைமழையில், வண்டியை ஒரு வாரம் மேலே விட்டுப் போகச் சொன்னாள். காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது, டோலி கட்டித் தூக்கி இறக்க ஆட்கள் கிடைக்கவில்லை. விட்டுவிட்டு வந்தேன். அந்த வாரம் கைகால் இல்லாதவன் மாதிரி ரோட்டோரம் நின்று போகிற வண்டிகளின் இஞ்சின் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை பஸ் பிடித்து, அடிவாரத்திலிருந்து நடந்து போனபோது, ஜீப் கழுவித் துடைத்து நின்றது. பின்பக்கம் மெத்தை ஒன்றை வெட்டிப் போட்டிருந்தாள். என் வண்டியில் எனக்குத் தெரியாத ஒரு மருந்து வாசனை.

அப்புறம்தான் அந்த மாற்றல் பேச்சு வந்தது. டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இடம் காலியாகிறது, அவளுக்குத்தான் முறை. ஒரு திங்கட்கிழமையைச் சொல்லி, அன்றைக்கு நேரில் வந்து சம்மதம் சொன்னால் போதும், வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார் அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர். நான் ஒற்றை அறையைக் காலி செய்து, சமையலறை தனியாக இருக்கும் வீடு பிடித்தேன். இப்போது இருக்கும் இதே வீடு. இரண்டு அடுப்பு எரிகிற ஸ்டவ் வாங்கினேன். துணி காய ஒரு கொடி அதிகமாகக் கட்டினேன். ஆள் வருவதற்கு முன்பே ஒரு வீடு எத்தனை எதிர்பார்ப்போடு உட்கார்ந்துகொள்கிறது!

"ஞாயித்துக்கெழம காலைல வந்து கூட்டிக்கினு வந்துடறேன்" என்றேன்.

"பாக்கலாங்க" என்றாள்.

அந்த ஞாயிறு பௌர்ணமி. கல்யாணம் ஆன புதிதில் பௌர்ணமி என்றால் அண்ணாமலையைச் சுற்ற வருகிறவர்கள் சாலையோரமாக நடப்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சில வருஷங்களில் கூட்டம் பெருகிப் பெருகி, காலையிலிருந்தே சாலையை அடைத்துவிடும் அளவுக்கு ஆகியிருந்தது. சுற்றுப்பாதையில் வீடு இருக்கிற டிரைவர்கள் எல்லாரும் முதல் நாள் சாயங்காலமே வண்டியைப் பாதைக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்து வீட்டுக்கு வருவோம். அது எங்களுக்குப் பழக்கம், பல் துலக்குவது மாதிரி. அந்தச் சனிக்கிழமை நான் கொடி கட்டிக்கொண்டிருந்தேன். மறந்துவிட்டேன். காலையில் கதவைத் திறந்தால் வாசலுக்கு வெளியே தலைகள் நதிபோல் போய்க்கொண்டிருந்தன.

ஜீப்பின் மூக்கை மெல்ல நீட்டினேன். போலீஸ்காரர் ஓடி வந்தார். "யோவ், அறிவுகீதா? பௌர்ணமி அன்னைக்கு வண்டிய எடுத்துக்கினு எங்க கெளம்பிட்ட?"

"சார், மலை மேல ஊட்ல இருக்காங்க சார். கூட்டியாரணும். செங்கம் ரோட்ல அப்டியே வெளிய போயிடறேன் சார்."

அவர் என்னையும் கூட்டத்தையும் பார்த்தார். "ஹாரன் அடிச்சன்னு வெய்யி, சாவியப் புடுங்கிடுவேன். சனங்க கூடவே போ. அவங்க வேகம்தான் உன் வேகம்."

லோ கியரில் போட்டேன். இரண்டு கால்களையும் எடுத்துவிட்டேன். வழுக்கலில் அவள் செய்ததை என்னால் தார் ரோட்டில்தான் செய்ய முடிந்தது. ஜனங்களின் முதுகுகளுக்குப் பின்னால், கற்பூர வாசனைக்குள், குழந்தைகள் பம்பரில் கைவைத்துத் தள்ளுவதுபோல் விளையாட, ஜீப் நடந்தது. ஓர் அம்மாள் பையைத் தூக்கி பானெட்டின் மேல் வைத்துவிட்டுக் கூடவே வந்தார். "இத்த கொஞ்சம் வெச்சிக்கறேம்பா, தோளு கழண்டு போவுது."

"வெச்சிக்கிங்கம்மா."

"இந்த வண்டி இன்னா வேண்டுதலோ, நம்ம கூடவே சுத்துதுடி" என்றார் பக்கத்தில் வந்த பெண்மணியிடம்.

அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில் நான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தேன். ஒருவன்தான் மலையைச் சுற்றவில்லை. ஆனாலும் அந்த மந்தமான நகர்வில் என்னமோ ஒன்று நெஞ்சுக்குள் தளர்ந்தது. கால் சும்மா இருந்தது. மிதிக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை. இப்படியே இருந்துவிட முடியுமானால் மேலேயும் என்னால் இருக்க முடியும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. சுற்றுப்பாதை வலப்பக்கம் திரும்பும் இடத்தில் கூட்டம் திரும்பியது. அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு, "நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு முன்னால் செங்கம் ரோடு காலியாகக் கிடந்தது. காலியான ரோட்டைப் பார்த்ததும் கால் தானாகப் போய் மிதித்தது.

அடிவாரம் சேரும்போது மத்தியானம் சாய்ந்துவிட்டது. மேலே கறுத்துக்கொண்டிருந்தது. வழியில் ஏறியவர்கள் வழுக்கலில் வழக்கம்போல் இறங்கினார்கள், கல் எடுத்துக்கொண்டார்கள். நேரமாகிவிட்டது, அவள் காத்துக்கொண்டிருப்பாள், திங்கட்கிழமை வந்துவிடும் என்று தலைக்குள் ஒரே இரைச்சல். காலையில் ஜனங்களுக்கு நடுவே கால் படித்ததெல்லாம் எங்கே போனதோ. இஞ்சினை அலறவிட்டேன், கிளட்சை விட்டேன். மூன்று படி தாவி ஏறியது. நாலாவதில் பின்சக்கரம் பாசியில் சுற்றியது. நான் இன்னும் மிதித்தேன். சுற்றிச் சுற்றிப் பாசியைத் தேய்த்து வெறும்பாறையைத் தொட்டதும் டயர் சட்டென்று கடித்தது. சுற்றுகிற வேகமெல்லாம் ஒரே நொடியில் நிற்க இடமில்லாமல், அடியில் எங்கோ, "டக்."

எலும்பு முறிகிற சத்தம்தான். பின்சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில். இழுவை செத்து வண்டி பின்னால் சரிந்தது. கற்கள் விழுந்தன, ஒன்று, இன்னொன்று, இன்னும் ஒன்று. நின்றது.

"நாங்க இல்லன்னா இந்நேரம் ஓடைல குளிச்சிக்கினு இருப்ப டிரைவரே" என்றார் கல் போட்ட ஒருவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

மேலேயிருந்து அவள் இறங்கி வந்தாள். என் தோளை, கழுத்தை, முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். நர்ஸின் கை. பிறகுதான் வண்டிக்கு அடியில் குனிந்தாள். மற்றவர்கள் மூட்டைகளோடு ஊருக்குப் போய்விட்டார்கள். சாய்ந்து நின்ற ஜீப்புக்குப் பக்கத்தில், ஈரமில்லாத ஒரு பாறையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம்.

"இப்ப நடந்து எறங்குனாகூட கடைசி பஸ்ஸப் புடிச்சிடலாம்" என்றேன். "வண்டிய அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் புடவை நுனியில் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தாள். "நான் போறதா இல்லீங்க."

"வண்டி ஒடைஞ்சதுக்கா?"

"அதுக்கில்ல. நீங்க காலைலயே வந்திருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பேன்."

"நான் வீடு பாத்துட்டேன்."

"சொன்னீங்க."

ஓடை சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு அவளே பேசினாள். "நான் போயிட்டா இவங்களுக்கு யாரு இருக்காங்கன்னு சொன்னா நீங்க ஒத்துக்குவீங்க. ஆனா அது பாதிதான். எனக்கு இங்க புடிச்சிருக்குங்க. கீழ ஆஸ்பத்திரில பத்தோட பதினொண்ணா நிப்பேன். டியூட்டி முடிஞ்சா வீடு. இங்க ராத்திரி கதவத் தட்டுறாங்கன்னா என்னத்தான் தட்டுறாங்க." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க இங்க வந்து இருங்களேன். வண்டிக்கு இங்க வேல ஜாஸ்தி. உங்களுக்கும் இருக்கும்."

மேலே தங்கிப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் நன்றாக இருக்கும். பிறகு காலையில் எழுந்ததும் ஊர் ஓரத்துப் பாறைக்குப் போய்விடுவேன். மேகமில்லாத நாளில் அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் அண்ணாமலை ஒரு நீலக் கட்டியாகத் தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே இருந்தால் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கே இருந்தாலும் இன்னோர் இடம் கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும் ஜென்மம்.

"என்னால முடியாதும்மா" என்றேன்.

"தெரியுங்க" என்றாள். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

திங்கட்கிழமை மேலேயே கழிந்தது. டவுனிலிருந்து நான் எப்போதும் வேலை கொடுக்கும் மெக்கானிக் பாய்க்கு ஆள் அனுப்பினோம். வேறு ஆக்ஸில் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க ஏறி வந்தார். முறிந்ததை உருவி எடுத்து, முனையைத் தடவிப் பார்த்தார். "அரே, இன்னா சார் இது? ஆக்ஸிலா, முறுக்குன்னு நெனச்சி ஒடச்சியா?" என்றார். "ரேஸ் ஜாஸ்தி, ரோடு கம்மி. இனிமேட்டு யாரு ஓட்டப் போறது இத்த?"

நான் அவளைக் காட்டினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"வண்டி இங்கயே இருக்கட்டும்" என்றேன்.

"உங்க பொழப்பு?"

"லாரி ஓட்டக் கூப்புட்டுக்கினே இருக்காங்க. வடக்க. போறேன்."

பாய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சட்டென்று வண்டிக்கடியில் புகுந்துகொண்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. அவ்வளவு நேரம் பிடிக்கிற வேலை இல்லை அது.

அதன்பிறகு அந்த மலை ஏறவில்லை, பல வருஷம் லாரி ஓட்டினேன். நாக்பூர், இந்தூர், இன்னும் மேலே. இரண்டாயிரத்துக்குப் பிறகு இந்த வீட்டுக்கே திரும்பினேன். அவள் வேறொரு மலைக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். அது சேர்வராயனா கல்வராயனா என்று சொன்னவருக்கே தெரியவில்லை. நானும் விசாரிக்கவில்லை. நெடுஞ்சாலையில் எத்தனையோ பேர் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கால் பேசுகிறவர்கள்தான் எல்லாரும். வண்டி சொல்வதைக் காலால் கேட்கிற ஆளை அவளுக்குப் பிறகு பார்க்கவில்லை.

பாய் வேலையை முடித்த அன்று சாயங்காலம் அவள்தான் எங்களைக் கீழே கொண்டுவந்து விட்டாள். வழுக்கலில் பாய் இறங்கி ஒற்றையடிப் பாதையில் போனார். நானும் இறங்கி, மற்ற ஆண்களைப்போல ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு சக்கரத்தோடு நடந்தேன். முதன்முறையாக அந்த ஓட்டத்தை வெளியிலிருந்து, இவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். டயரின் தோள் கல்லில் அமுங்கி, கல்லின் வடிவத்தையே வாங்கிக்கொண்டு, மெல்ல உருண்டு, விட்டுவிட்டு இறங்கியது. இஞ்சின் சத்தத்துக்கு மேல் ஓடைச் சத்தம் கேட்டது. அவள் கண் முன்னால் இருக்கும் கல்லில் இருந்தது. நான் பக்கத்தில் நடப்பது அவளுக்குத் தெரியும், ஆனால் திரும்பவில்லை. திரும்பக் கூடாத இடம் அது. கடைசிப் படி வரை கல்லைத் தூக்கிக்கொண்டே வந்து, ஓடைக்கரையில் மெதுவாக வைத்தேன்.

அடிவாரத்தில் செங்கம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. பாய் முன்னாலேயே ஓடி ஏறிக்கொண்டார். அவள் ஜீப்பைத் திருப்பி நிறுத்தினாள், இஞ்சினை அணைக்கவில்லை. இருட்டுவதற்குள் மேலே போய்விட வேண்டும் அவளுக்கு. என் பையை எடுத்து நீட்டினாள். வாங்கும்போது விரல் பட்டது. கண்டக்டர் விசில் ஊதினார்.

"வரேன்" என்றேன்.

தலையசைத்தாள். நான் பஸ் படியில் கால் வைத்த பிறகு, இஞ்சின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, "ஜன்னலோரம் பாத்து உக்காருங்க, காத்தாவது வரும்" என்றாள்.